பாட்டரி வீட்டுச் சாட்சி

திருச்சினாப்பள்ளி
18-1-40

தங்கை உண்ணாமலைக்கு ஆத்மநாதன் ஆசீர்வாதம்.

நான் ரயிலேறிய பிறகு அந்தப் பாட்டரி நிரப்பும் மிஷினைத் தொட்டாயா, இல்லை பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறாயா? மூடித்தான் வைத்திருப்பாய். நேரில் அவசரமாகச் சொன்னதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் நீ. இது உனக்கு விளங்காத விஷயம் இல்லை.

உன் வீட்டுக் கம்பியில் வருகிற கரண்டு ஒரே பக்கமாக ஓடுவதில்லை. ஒரு நொடிக்குள் ஐம்பது தடவை போய்த் திரும்பும். அதற்கு ஏ.சி. என்று பெயர். விளக்குக்கு அதனால் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் இழை சூடாகி எரியும். பாட்டரிக்கு ஆகாது. ஒரு பக்கம் ஓடினால் பாட்டரி நிரம்பும், மறுபக்கம் ஓடினால் காலியாகும். நாள் முழுக்க மாட்டி வைத்தாலும் மிச்சம் எதுவும் நிற்காது, பாட்டரி சூடாவதுதான் மிச்சம். அதற்கு வேண்டியது ஒரே பக்கமாக ஓடும் டி.சி.

மரப்பெட்டிக்குள் தகடு அடுக்கிக் கம்பி சுற்றியிருக்கிறதே, அது வீட்டுக் கரண்டின் வோல்ட்டைக் குறைக்கும். அதற்கு மேலே பல்பு. பல்புக்குள் ஓர் இழையும் அதற்கு எதிரே ஒரு கரிவில்லையும் பார்த்திருப்பாய். இழை பழுத்த பிறகு கரண்டு அதற்குள் ஒரு பக்கமாக மட்டும்தான் போக முடியும். திரும்பி வரப் பார்க்கிற பாதி அங்கேயே நின்றுவிடும். ஆகவே வெளியே வருவது விட்டு விட்டு வந்தாலும், ஒரே பக்கமாக வரும். பாட்டரி நிரம்ப அது போதும்.

சிவப்புக் கம்பி பாட்டரியின் கூட்டல் குறிக்கு, கறுப்பு கழித்தல் குறிக்கு. ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும்; தண்ணீரை ஆசிட்டில் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். பாட்டரி நிரம்பும்போது ஒரு வாயு கிளம்பும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். மாப்பிள்ளை வீரய்யா பீடியை வெளியே வைத்துக்கொள்ளட்டும்.

அவர் குடித்துவிட்டுப் பஸ்ஸைக் கண்மாயில் இறக்கி டிரைவர் வேலை போனதிலிருந்து உன் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரியும். மிஷின் உனக்காகச் செய்தது. அவருக்காக அல்ல.

ஆத்மநாதன்

*

புதுக்கோட்டை
10-3-40

அண்ணன் அவர்களுக்கு உண்ணாமலை எழுதிக்கொண்டது.

நீங்கள் சொன்னது சரிதான், மூடித்தான் வைத்திருந்தேன். பஸ் கம்பெனி ஏஜெண்டு மாட்டு வண்டியில் பாட்டரிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வேறு வழியில்லாமல் சேலையை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். பல்பு சிவந்து எரிந்தது. மீட்டர் முள் மெல்ல எழும்பி நின்றது. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது பஸ்காரர்கள், மில்காரர், திருவரங்குளத்தில் ரேடியோ வைத்திருப்பவர் எல்லோரும் இங்குதான் வருகிறார்கள். தெருவில் பாட்டரி வீடு என்று சொன்னால் எங்கள் வீட்டைக் காட்டுகிறார்கள். ஒரு தடவை மட்டும் தப்பு செய்துவிட்டேன். ரேடியோக்காரர் பாட்டரியில் குறி அழிந்திருந்தது. சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. பாட்டரி கொதித்துப் பக்கவாட்டில் வெடிப்பு விட்டுவிட்டது. குறி இல்லாத இடத்தில் எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு மறுநாள் பஸ் ஏஜெண்டு வாசலில் நின்று இவர்களிடம், "பாட்டரியை ஒங்க சம்சாரத்துக்கிட்டயே குடுத்துருங்க வீரய்யா. அவுக கை பட்டாத்தான் நிக்கிது. ஒங்களுக்கு இது வெளங்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்கு நான் வாசற்படி தடுக்கி விழுந்துவிட்டேன். கீழ்ப்பல் ஒன்று போய்விட்டது. வேறொன்றும் இல்லை. மகள் அமராவதி சுகம்.

உண்ணாமலை

*

திருச்சினாப்பள்ளி
16-3-40

உண்ணாமலைக்கு,

உன் வீட்டுக்கு வாசற்படியே கிடையாது. தரையும் தெருவும் ஒரே மட்டம். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பாட்டரி வைக்கப் பலகை அடித்துக் கொடுத்தவன் நான்.

கண்டக்டர் பிச்சை இங்கே வந்திருந்தான். உன் கன்னம் காது வரை வீங்கியிருந்ததாகவும், அவனைப் பார்த்ததும் முந்தானையால் மூடிக்கொண்டதாகவும் சொன்னான். பெல்ட்டின் பூட்டு பட்ட தடம் கழுத்தில் இருந்ததாம். பஸ்ஸை ஓட்டத் தெரியாதவனுக்கு பெல்ட்டை ஓட்டத் தெரிகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: ஒரு கிண்ணத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, இரண்டு கம்பி நுனிகளையும் ஒன்றோடொன்று படாமல் உள்ளே விடு. எந்த நுனியில் குமிழி அதிகமாகக் கிளம்புகிறதோ அது கழித்தல். முதலில் மிஷின் கம்பியைச் சோதித்துக்கொள். பிறகு அதே மாதிரி பாட்டரியில் கம்பி வைத்துச் சோதி.

இன்னொன்றுக்கும் பதில் எழுதிவிடுகிறேன். லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன். எந்தக் கையால் உன்னை அடித்தான் என்று மட்டும் எழுது.

ஆத்மநாதன்

*

புதுக்கோட்டை
25-3-40

அண்ணன் அவர்களுக்கு,

வராதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

எந்தக் கை என்று கேட்டிருக்கிறீர்கள். நம் அப்பாவுக்கு வலது கை. உங்களுக்கு நினைவிருக்கும். ஆத்தாளை அடித்தார் என்று விறகுக் கட்டையை எடுத்து அந்தக் கையை முறித்தீர்கள். அப்போது உங்களுக்கு மீசைகூட முளைக்கவில்லை. ஊரே உங்களை மெச்சியது. நீங்கள் அன்றே பொன்னமராவதிக்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். முறிந்த கைக்குக் கட்டுப் போட்டதும் ஆத்தா, வேட்டி கட்டிவிட்டதும் ஆத்தா, சோறு பிசைந்து வாயில் வைத்ததும் ஆத்தா. கட்டுப் பிரிக்கும் முன்பே அப்பா இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டார். "ஒம் மகன் ஒடச்சான்ல, ஒம் மகன் ஒடச்சான்ல" என்று சொல்லிச் சொல்லி அடிப்பார்.

நீங்கள் வந்து அடித்துவிட்டு ரயிலேறி விடுவீர்கள். நான் இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

உப்புத் தண்ணீரில் பார்த்தேன். குமிழி வருகிறது. இனி மாற்றிக் கொடுக்க மாட்டேன்.

உண்ணாமலை

*

புதுக்கோட்டை
2-6-40

அண்ணே,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் இருக்கும்.

மத்தியானம் உங்கள் மாப்பிள்ளை ஓர் ஆளையும் மாட்டு வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மிஷினை விற்றாகிவிட்டது, ஒதுங்கு என்றார்கள். நான் குறுக்கே நின்றேன். "அண்ணன் எனக்குன்னு செஞ்சு குடுத்தது, தர மாட்டேன்" என்றேன். மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். அப்போதும் நகரவில்லை. தூக்கிப் பாட்டரிகள் மேல் தள்ளினார்கள். இரண்டு பாட்டரி உடைந்து ஆசிட் வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஓடிவிட்டது. வண்டிக்காரர் பயந்து ஓடிவிட்டார். அமராவதிதான் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினாள். ரவிக்கைத் துணி சதையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

நான் கத்திக்கொண்டிருக்கும்போது இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள்.

வாருங்கள். வண்டி பிடித்துக்கொண்டு வாருங்கள். என்னையும் அமராவதியையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். எங்களைக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

உண்ணாமலை

*

புதுக்கோட்டை ஜெயில்
20-6-40

தங்கை உண்ணாமலைக்கு,

வார்டரைக் கெஞ்சி இந்தக் கடுதாசியை எழுதுகிறேன். நீ இருக்கிற தெருவுக்கும் இந்த மதிலுக்கும் நடுவே நாலு தெருகூட இல்லை. நான் உள்ளே வந்ததிலிருந்து நீ ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. பிச்சை மட்டும் வந்தான். நீ தினமும் தூக்குச்சட்டியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாய் என்றான். அந்த வீரய்யாவுக்கா சோறு கொண்டுபோகிறாய்?

அவனுக்கு இரண்டு காலும் முழங்காலோடு நொறுங்கிவிட்டதாம். இடது கண் போய்விட்டதாம். கேட்டேன். எனக்கு வருத்தம் இல்லை. உன் கையைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

வக்கீல் வந்திருந்தார். கேஸ் ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது என்கிறார். அவனை அடித்த இரும்பு ஜாக்கி ராடை நான் திருச்சியிலிருந்தே கொண்டுவந்தேன் என்று போலீஸ் சொல்கிறது. அப்படியானால் கொல்லவே வந்தேன் என்று ஆகும். ராடு வீட்டிலேயே கிடந்தது, வீரய்யா அரிவாளை ஓங்கினான், நான் கைக்குக் கிடைத்ததை எடுத்தேன் என்றால் சில மாதங்களோடு போய்விடும். வீட்டில் இருந்த பெரிய ஆள் நீ ஒருத்திதான். உன் வாய்ச்சொல்தான் சாட்சி.

உனக்காகச் செய்தேன். உனக்கு இது தெரியும்.

ஆத்மநாதன்

*

புதுக்கோட்டை
1-7-40

ஆத்மநாதன் அண்ணனுக்கு,

எனக்காகச் செய்ததாக எழுதியிருக்கிறாய். எனக்காக என்ன செய்தாய் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அன்று நீ எதையும் பார்க்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நான் மூட்டை கட்டி வைத்திருந்தேன். அமராவதிக்குத் தலை சீவிப் பூ வைத்திருந்தேன். "மாமா வாராக, ரயில்ல போறோம்" என்று தெருப் பூராவும் சொல்லிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். நீ வண்டியில் வரவில்லை. நடந்து வந்தாய். கக்கத்தில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. அமராவதி அதைத் தின்பண்டம் என்று நினைத்து, "எனக்கா மாமா?" என்று கை நீட்டினாள். நீ அவளைத் தாண்டிப் போனாய்.

அவர் கட்டிலில் படுத்திருந்தார். அரிவாள் எங்கே இருந்தது? எங்கள் வீட்டில் அரிவாள்மணைதான் உண்டு, அது அடுப்படியில் கிடந்தது. துண்டை உருவினாய். முதல் அடியிலேயே கீழே விழுந்துவிட்டார். இரண்டு கையையும் கூப்பி, "மச்சான், தெரியாமச் செஞ்சுட்டேன், விட்ருங்க மச்சான்" என்றார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. நீ, "கும்புடுறியாடா? இன்னும் நல்லாக் கும்புடு" என்று சொல்லி முழங்காலில் இறக்கினாய். பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அடுத்த கால். பிறகு முகம்.

நான் உன் காலைக் கட்டிக்கொண்டேன். "அண்ணே போதும், செத்துருவாரு, நாம போயிருவோம் அண்ணே" என்று கத்தினேன். நீ என்னை உதறினாய். உதறியபோது உன் கால் எந்தப் பக்கம் பட்டது தெரியுமா? வெந்த தோளில். புண் பிளந்து ரத்தம் வந்தது. "ஒதுங்கு புள்ள, ஒனக்காகத்தான்" என்றாய். நீ ஓங்கிய வேகத்தில் பல்பும் உடைந்து தெறித்தது. மிஷினும் போயிற்று.

என்னை அடித்தவரைச் சோறு ஊட்டிப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்கிறாய். ஆமாம். வாய் திறக்க முடியவில்லை, கஞ்சிதான் இறங்குகிறது. பாசத்தால் ஊட்டவில்லை. அவர் செத்தால் உனக்குத் தூக்கு. ஒவ்வொரு கரண்டியையும் உன் கழுத்தை நினைத்துத்தான் ஊட்டுகிறேன்.

வாசலில் ஆம்பிளைக் குரல் கேட்டால் அமராவதி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். உன் பெயரைச் சொன்னால் நின்ற இடத்தில் பாவாடையை நனைத்துக்கொள்கிறாள்.

உன்னைக் கூட்டிப்போகச் சொன்னேன். அதைச் செய்ய உனக்கு ராடு தேவைப்பட்டிருக்காது.

உண்ணாமலை

*

புதுக்கோட்டை ஜெயில்
8-7-40

உண்ணாமலைக்கு,

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என்னை 'நீ' என்று எழுதியிருக்கிறாய். எழுது.

கூட்டிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த ரயிலில் அவன் வந்திருப்பான். என் வீட்டு வாசலில் நின்று பெண்டாட்டியை அனுப்பு என்பான். நாலு பேர் அவன் பக்கம் பேசுவார்கள், நீயும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவாய். அடுத்த ஆசிட் உன் முகத்தில் விழும். இப்போது அவனால் நடக்க முடியாது. அதைச் செய்தது நான். நீ என்ன எழுதினாலும் இனி அவன் உன்னைத் துரத்தி வர மாட்டான்.

குழந்தையை நினைத்தால்தான் எனக்கு ராத்திரி கண் மூடவில்லை. அவள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது. நிஜமாகத் தெரியாது. தின்பண்டம் கேட்டாள் என்று எழுதியிருக்கிறாயே, அது என் காதில் விழவே இல்லை.

உதைத்ததும் தெரியாது.

நான் உன்னிடம் கேட்பது ஒரே வார்த்தை. ராடு வீட்டில் கிடந்தது. அவ்வளவுதான். உன் அண்ணன் வெளியே வருவதா, உள்ளே கிடந்து மட்குவதா என்பது உன் நாக்கில் இருக்கிறது. அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாயே, எனக்கு ஒரு வார்த்தை தர மாட்டாயா? உனக்கென்று ராப்பகலாக உட்கார்ந்து மிஷின் செய்தவன் நான். அதையாவது நினை.

ஆத்மநாதன்

*

புதுக்கோட்டை
24-11-40

அண்ணன் அவர்களுக்கு உண்ணாமலை எழுதிக்கொண்டது.

தீர்ப்பு அன்று உங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு வருஷம் என்று ஜட்ஜு சொன்னதும் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூண்டில் நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். ஏன் சொன்னேன் என்பதை அங்கே சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோர்ட்டுக்கு வரும் வரை நான் பொய் சொல்லத்தான் இருந்தேன். ராடு வீட்டில் கிடந்தது, ராடு வீட்டில் கிடந்தது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். கோர்ட்டு வாசலில் அமராவதி என் கையைப் பிடித்து, "ஆத்தா, மாமா துண்டுல சுத்திக் கொண்டாந்தாகல்ல, அத நான் சொல்லணுமா?" என்று கேட்டாள். நீ சொல்ல வேண்டாம் என்றேன். "அப்ப நான் பாத்தது பொய்யா?" என்றாள்.

நான் உள்ளே போய்க் கூண்டில் ஏறினேன்.

சர்க்கார் வக்கீல் கேட்டார், "இரும்பு எங்கேருந்து வந்துச்சு?" நான், "எங்க அண்ணன் கொண்டாந்தாரு" என்றேன். "கீழ விழுந்தவரு என்ன செஞ்சாரு?" "கும்புட்டாரு." உங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரரைக் கட்டிலோடு தூக்கிவந்து போட்டிருந்தார்களே, அவர் மிஞ்சின ஒரு கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

அத்தோடு இறங்கு என்றார்கள். நான் இறங்கவில்லை. "அதுக்கு முன்னால நடந்ததையும் எழுதிக்கங்க" என்றேன். சர்க்கார் வக்கீல், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா" என்று அதட்டினார். நான் முந்தானையை விலக்கித் தோளை ஜட்ஜுக்குக் காட்டினேன். சபையில் அத்தனை ஆம்பிளைகள் இருந்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. பல் போனதிலிருந்து பாட்டரி மேல் தள்ளியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தும்போது பீடி குடித்ததையும் சொன்னேன். குமாஸ்தா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் ஜட்ஜு, "யார் மேலம்மா ஒனக்குக் குறை?" என்று கேட்டார். "ரெண்டு பேரு மேலயும்தான் சாமி. ரெண்டு பேரும் அடிச்சாக" என்றேன்.

அதைக் கேட்டுத்தான் பத்து வருஷம் போட வேண்டியதை நாலாகக் குறைத்தார் என்று உங்கள் வக்கீலே பிறகு சொன்னார். குறைக்கச் சொல்லவில்லை நான். நடந்ததைச் சொன்னேன்.

மறுநாள் என் வீட்டுக்காரருடைய சொந்தக்காரர்கள் அவரைத் தங்கள் ஊர் குடுமியான்மலைக்கு அழைத்துப்போக வண்டி கொண்டுவந்தார்கள். வண்டியில் ஏற்றியதும் அவர், "ஒடஞ்ச மிஷினையும் ஏத்துங்கடா. அவளையும் ஏறச் சொல்லுங்க" என்றார். நான் வாசலில் நின்றபடி, "நான் வரல" என்றேன். கைத்தடியை ஓங்கி என் முகத்துக்கு வீசினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துப் பார்த்தார். விடவில்லை. என் கையில் தடி, அவர் வண்டியில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். ஒரு அடி அடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பொய் சொல்ல மாட்டேன். அடிக்கத் தோன்றியது. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. நான் தடியை அவர் பக்கத்தில் வைக்கோலில் வைத்துவிட்டு, "வண்டிய ஓட்டுங்க" என்றேன். ஓட்டிவிட்டார்கள்.

யுத்த காலத்தில் சீமை பல்பு வருவதில்லை என்று மதராஸ் கடைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். பஸ் ஏஜெண்டு, மில்லில் சும்மா கிடந்த டைனமோ ஒன்றையும் ஒரு சின்ன மோட்டாரையும் கொண்டுவந்து போட்டார். வீட்டுக் கரண்டு மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் பெல்ட் போட்டு டைனமோவைச் சுற்றுகிறது, டைனமோவிலிருந்து டி.சி. வருகிறது. பல்பு செய்த வேலைதான், இது கொஞ்சம் கத்திக்கொண்டு செய்கிறது. முதல் நாள் அந்தச் சத்தத்துக்கு அமராவதி கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கிறாள். வலது கை தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. பாட்டரியைத் தூக்கி வைக்க மட்டும் ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது.

போன வாரம் அமராவதி தானாகவே, "மாமாவுக்கு ஜெயில்ல சோறு போடுவாகளா?" என்று கேட்டாள். போடுவார்கள் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் உங்களைப் பற்றிக் கேட்டாள்.

அண்ணே, உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இன்னும் முடியவில்லை. முடியும்போது அதையும் மறைக்காமல் எழுதுவேன். மனுப் போட்டு ஜெயிலுக்கு வர நாள் வாங்கியிருக்கிறேன். தை பிறந்ததும் வாரேன், அமராவதியைக் கூட்டி வரமாட்டேன். அவள் வரேன் என்று சொன்ன பிறகு கூட்டி வருகிறேன்.

விடுதலையாகிற அன்று நேரே இங்கே வாருங்கள். தங்கச்சி வீட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று யோசிக்க வேண்டாம். அமராவதி வாசலில் நின்று உங்கள் கையைத்தான் பார்ப்பாள். வெறுங்கையோடு வாங்க.

உண்ணாமலை